சிட்னி மாநாட்டில் ஒரு பற்றுச்சீட்டு

கப்பலுக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தேன். மெல்பேர்ண் துறைமுகத்தில் அன்று ஒரு பாரந்தூக்கிகூட அசையவில்லை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். சரக்கை இறக்க ஆளில்லை. "ஆறாம் நாள் காலை கயிறு அவிழ்ப்போம். வராதவனுக்காக நிற்கமாட்டோம்" என்று தலைமைச் சமையல்காரர் சொல்லியிருந்தார். நான் கப்பல் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்கிறவன். எனக்காக ஒரு கப்பல் நிற்காது என்பது எனக்கும் தெரியும்.

சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டியபடி ஒரு கடித உறை இருந்தது. அதைச் சிட்னியில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கப்பலில் ஏறி மெல்பேர்ணில் இறங்கினால் சிட்னி பக்கத்தில் இருக்கும் என்று நானும் நினைத்தேன், உறையைத் தந்த பிலோமினா அக்காவும் நினைத்தா. துறைமுக வாசலில் நின்ற காவலாளியிடம் வழி கேட்டேன். "நேரே போ, ஒரு நாள் கழித்து இடப்பக்கம் திரும்பு" என்றான்.

பிலோமினா அக்கா யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கப்பல் அதற்கு முன் நின்ற துறைமுகத்தில் சின்னச் சோற்றுக்கடை வைத்திருக்கிறா. தமிழ்க் கப்பல்காரர் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவோம். அந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறா. அவவின் கணவர் மரியதாஸ் தமிழில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தியவர். ஒரு நாள் பத்திரிகையைப் பூட்டினார்கள். இரண்டு நாள் கழித்து ஆளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு மாதமாக அக்கா போகாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை.

"உசிரோட இருக்காரா, எங்க வச்சிருக்காங்க. இது ரெண்டும் தெரிஞ்சா போதும் தம்பி" என்றா அக்கா. "சிட்னியில பாதுகாப்புக் கூட்டமைப்பு நாட்டு மந்திரிங்க எல்லாம் கூடுறாங்களாம், ரேடியோவுல சொன்னான். அவங்க கையில இந்த மனுவைக் குடுத்துருங்க. எழுதினவர் கோர்ட்டு வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவர்தான். இங்கிலீஷ் நல்லா இருக்கும்."

கோழிக்கறியோடு தந்த மனுவை எப்படி வேண்டாம் என்பது?

மெல்பேர்ணில் டிராம் வண்டி எனக்குப் பிடித்துப்போயிற்று. தண்டவாளத்தில் ஓடுகிற பஸ். அதில் போகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஆனால் இறங்கும்போது நடத்துநருக்கு நன்றி சொல்லுவார்கள். எங்கள் ஊரில் நேர்மாறு. நகரத்தின் விளிம்பில் ஒரு கடையில் மாவுக்குள் இறைச்சிக் குழம்பு அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று சூடாக வாங்கினேன். எப்படிப் பிடித்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் கடித்தேன். உள்ளே இருந்த குழம்பு முழங்கைவரை ஓடியது. கடைக்காரி எந்தச் சலனமும் இல்லாமல் ஒரு துவாயை நீட்டினாள். என்னைப் போல் நிறையப் பேரைப் பார்த்திருப்பாள்.

பெருந்தெருவில் கைகாட்டி நின்றேன். குளிர் காதைக் கடித்தது. ஒரு லொறி நின்றது. செம்மறித் தோல் ஏற்றிய லொறி. சாரதியின் பெயர் கெவின். அவன் சொன்னதை எல்லாம் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் பாதிச் சொல் தூஷணம்.

"ஏறு. மூக்கை வெளியே விட்டுவிட்டு ஏறு" என்றான்.

எங்கள் ஊர் லொறியில் சாரதி, கிளீனர், கிளீனருக்குத் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேராவது இருப்பார்கள். இங்கே ஒருவனே ஓட்டுகிறான், ஏற்றுகிறான், கட்டுகிறான், தன்னோடு தானே சண்டையும் பிடிக்கிறான். வழியில் ஒரு கிரேக்கன் கடையில் நிறுத்தி, மாட்டிறைச்சித் துண்டின் மேல் பொரித்த முட்டையும் அதன் மேல் அன்னாசியும் வைத்துச் சாப்பிட்டான். எனக்கும் ஒன்று சொன்னான். அன்னாசி இறைச்சியோடு சேரும் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவனுக்கு என் வணக்கம்.

மறுநாள் மதியம் ஒரு மேட்டில் லொறி மூச்சை விட்டது. நீர்க்குழாய் வெடித்துவிட்டது. கெவின் தன் தூஷணம் முழுவதையும் ஒரே தடவையில் செலவழித்தான். நான் பையிலிருந்து இடுப்பில் கட்டுகிற என் பழைய சாரத்தை எடுத்து நீளமாகக் கிழித்தேன்.

"நண்பா, உன் பாவாடையை ஏன் கிழிக்கிறாய்?"

"இதைச் சவர்க்காரம் பூசி ஈரத்தோடு இறுக்கிச் சுற்றினால் தாங்கும். கப்பலில் இப்படித்தான்."

தாங்கியது. சிட்னிவரை தாங்கியது. மூன்றாம் நாள் காலை கெவின் என்னை நகர நடுவில் இறக்கிவிட்டு, "உன் மந்திரிமாரிடம் சொல்லு, பாவாடைதான் நாட்டைக் காப்பாற்றும் என்று" எனக் கத்திவிட்டுப் போனான்.

சிட்னி! மெல்பேர்ண் கோட்டுப் போட்ட ஊர் என்றால் இது கையை மடித்துவிட்ட ஊர். தண்ணீர் எங்கே திரும்பினாலும் வந்து நிற்கிறது. துறைமுகத்தின் ஓரத்தில், வள்ளங்களை நிமிர்த்திச் சாத்தி வைத்ததுபோல் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம். பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு தபால் பெட்டியில் மோதினேன். களைப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

தெருவோரம் உட்காருகிற வாங்கு ஒன்றில் யாரோ விட்டுப்போன பத்திரிகை கிடந்தது. அதில் அவுஸ்திரேலியப் பிரதமரையே மூக்கைப் பெரிதாக்கி, உள்ளாடையோடு நிற்கவைத்துக் கேலிப்படம் வரைந்திருந்தார்கள். நான் திடுக்கிட்டு அக்கம்பக்கம் பார்த்தேன். ஒருவரும் ஓடவில்லை. எதிரே இருந்த கிழவர் அதே படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாண் தின்றார். மரியதாஸ் இந்த ஊரில் பத்திரிகை நடத்தியிருந்தால் இந்நேரம் அவரும் ஏதாவது தின்றுகொண்டிருப்பார்.

மாநாடு நடந்த ஹோட்டல் வாசலில் கொடிகள். காவலாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். செம்மறி வாசனை அவனுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். "பொருள் இறக்குவது பின்பக்கம்" என்றான். சரி என்று பின்பக்கம் போனேன். அது குசினி. குசினி எனக்குத் தெரிந்த தேசம். கைகால் கழுவி, ஆணியில் தொங்கிய வெள்ளை ஏப்ரன் ஒன்றை மாட்டிக்கொண்டு, தேநீர்த் தட்டு ஒன்றைத் தூக்கினேன். மூன்று மாடி ஏறினேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுபோகிறவனை எந்த நாட்டிலும் நிறுத்தமாட்டார்கள்.

யாரிடம் கொடுப்பது என்று எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. எங்கள் ஊர்காவற்றுறையில் கிராம அதிகாரியான விதானையார்மேல் முறைப்பாடு என்றால் மாவட்ட அலுவலகமான யாழ்ப்பாணம் கச்சேரிக்குப் போய், அரசாங்க அதிபரின் ஆட்களிடமே கொடுப்போம். அரசாங்கத்தைப் பற்றிய மனு அரசாங்கத்திடம். அதுதானே முறை? எனவே பிலோமினா அக்காவின் நாட்டுப் பெயர் எழுதிய கதவைத் தேடிப்பிடித்துத் தட்டினேன்.

உள்ளே கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு கிராணி, கோப்பு எழுதுகிற உத்தியோகத்தர், மேசையில் இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. "தேநீர் கேட்கவில்லையே" என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

தட்டு கையிலிருந்து விழாதது என் நல்ல காலம். "ஊர்காவற்றுறை, ஐயா."

"என்ர தகப்பன் வட்டுக்கோட்டை. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கதவில பேர் கிடக்கிற நாட்டில. என்ன அலுவல்?"

மனுவை நீட்டினேன். வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் கடை பூட்டுவதுபோல் பலகை பலகையாக மூடிக்கொண்டது.

"இதை உம்மட்ட ஆர் தந்தது?"

"அவரின்ர மனுசி, ஐயா."

"இப்பிடி ஒரு ஆள் எங்களிட்ட இல்லையெண்டு அரசாங்கம் சொல்லிப்போட்டுது. தெரியுமோ?"

"தெரியும் ஐயா. அதுக்குத்தானே பெட்டிசம்."

மனுவை மேசையிலிருந்த கடிதத் தட்டில் போட்டார். "சரி, போம்."

நான் போகவில்லை. "பற்றுச்சீட்டு?"

"என்ன?"

"கச்சேரியில பெட்டிசம் குடுத்தாப் பற்றுச்சீட்டுத் தருவினம். வெறுங்கையோட போனா, நான் கடலுக்க எறிஞ்சுபோட்டு வந்தனெண்டு அந்த மனுசி நினைக்கும்."

அவர் மனுவைத் தட்டிலிருந்து திரும்ப எடுத்தார். பிறகு ஒரு பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். இன்னொரு கோப்பை எடுத்து, அதில் இருந்த பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. மைப் பேனாவால் ஆங்கிலத்தில் அழகாக எழுதி, ஒற்றுத்தாள் வைத்து ஒற்றி, முத்திரை குத்தித் தந்தார். நான் தேநீரை அவருக்கே வைத்துவிட்டு வந்தேன்.

ஹோட்டலுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒரு மந்திரி காரிலிருந்து இறங்கினார். அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். மந்திரி நின்று பதில் சொன்னார்! எங்கள் பக்கத்தில் மந்திரி வந்தால் மாலை போடுவோம். கேள்வி போட்டு நான் கண்டதில்லை. சந்தோசத்தில் பக்கத்தில் சிகரெட்டோடு நின்ற பெண்ணிடம், நானும் இன்று ஒரு மந்திரிக்கு மனுக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் பெயர் மார்கரெட். ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். மந்திரிமாரின் மனைவிமார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத அனுப்பியிருந்தார்களாம். அந்தக் கோபத்தில் இருந்தாள்.

கதையைக் கேட்டுவிட்டு, "யாரிடம் கொடுத்தாய்? பிடித்து வைத்தவர்களிடமேயா?" என்று இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. எட்டு மாதம் அக்கா தட்டிய அதே கதவைத்தான் நானும், கடல் கடந்து வந்து, தட்டியிருக்கிறேன். கையிலிருந்த சீட்டைக் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. சிகரெட்டைக் காலால் மிதித்தாள்.

"தடுப்புக் காவல் கைதி மரியதாஸ், எண் அறுபத்தொன்று. மனைவியின் மனு கிடைத்தது" என்று மெதுவாக வாசித்தாள். "இந்த எண் மனுவில் இருந்ததா?"

"இல்லை. அவரே பட்டியலைப் பார்த்து எழுதினார்."

"அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறவர்களிடம் அவருக்கு எண் இருக்கிறது. முத்திரையும் குத்தித் தந்திருக்கிறார்கள்" என்றாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கு உன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?"

மறுநாள், மாநாட்டின் நான்காம் நாள், அவள் என்னை ஓர் அவுஸ்திரேலிய வெளிவிவகார அதிகாரியிடம் கூட்டிப்போனாள். உயரமான மனிதர், காதில் பென்சில். அவர் மேசையில் மாநாட்டின் இறுதி அறிக்கை நகலாகக் கிடந்தது. ஒரு வாக்கியத்தை மட்டும் சதுர அடைப்புக்குள் போட்டிருந்தார்கள். எல்லா நாடும் ஒத்துக்கொள்ளாத சொல்லை அடைப்புக்குள் போடுவது அங்கே வழக்கமாம். கடைசி நாளில் ஒன்று அடைப்பு போகும், அல்லது வாக்கியம் போகும். அந்த வாக்கியம் சொன்னது இவ்வளவுதான்: எழுதியதற்காகவோ அச்சிட்டதற்காகவோ எவரையும் விசாரணையின்றி அடைத்து வைக்கக்கூடாது. மூன்று நாளாக அதற்காகச் சண்டை பிடிப்பதாகவும், உள்நாட்டு விவகாரம் என்று நான்கு நாடுகள் மறுப்பதாகவும் அவர் சொன்னார்.

சீட்டைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "இதை எனக்கு ஒரு நாள் தருவீர்களா?"

"தராதே. புதைத்துவிடுவார்கள். நான் இன்றைக்கே அச்சில் போடுகிறேன்" என்றாள் மார்கரெட்.

"போட்டால் முத்திரை பொய் என்பார்கள். பிறகு அந்த மனிதரை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். நாளை பத்திரிகையாளர் சந்திப்பில் நீ கேள் மார்கரெட். அந்த நாட்டு மந்திரி பதிலோடு வரும்படி நான் பார்க்கிறேன்."

"வராவிட்டால்?"

"அதன் பிறகு அச்சில் போடு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் என் முடிவுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அடைப்புக்குறி விவகாரம் எனக்குத் தெரியாது. அக்கா கேட்ட இரண்டு கேள்வி மட்டும் தெரியும். ஆளை இடம் மாற்றிவிட்டால் இரண்டுக்கும் பதில் இல்லை.

"தருகிறேன்" என்றேன். "ஆனால் நீங்களும் பற்றுச்சீட்டுத் தரவேண்டும்."

அவர் சிரிக்காமல், ஹோட்டல் தாளில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். மார்கரெட் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் பிற்பகல் சந்திப்பு. மெல்பேர்ணில் வேலைநிறுத்தம் முடிந்து சரக்கு இறக்குகிறார்கள் என்று ரேடியோ சொல்லியிருந்தது. அன்றே புறப்பட்டால்தான் கப்பல். நான் மார்கரெட்டின் தேநீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் போனேன். அங்கே உட்காரக் கதிரைக்கு அடிபிடி. இறுதி அறிக்கையை எல்லாருக்கும் கொடுத்தார்கள். மார்கரெட் விரலை ஓட்டினாள். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். மறுபடி இரண்டாம் பக்கம்.

"வாக்கியம் இல்லை" என்றாள். "அடைப்போடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்."

மந்திரிமார் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடல் பாதுகாப்பு, கூட்டுப் பயிற்சி என்று ஏதேதோ கேள்விகள். மார்கரெட் எழுந்தாள். மரியதாஸின் முழுப் பெயரையும் சொல்லி, பத்திரிகை ஆசிரியரான இவர் உங்கள் காவலில் இருக்கிறாரா என்று அக்காவின் நாட்டு மந்திரியிடம் கேட்டாள்.

மந்திரி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார்.

"ஆம். தீவு முகாமில் இருக்கிறார். நலமாக இருக்கிறார். மனைவி மாதம் ஒரு தடவை பார்க்கலாம்."

"ஓம், இருக்கிறார்!" என்று நான் கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தேநீர்ப் போத்தல் உருண்டு முன்வரிசைவரை போயிற்று.

வெளியே அந்த உயரமான அதிகாரி வந்து என் சீட்டைத் திருப்பித் தந்தார். அவருடைய சீட்டை நான் கொடுத்தேன். மார்கரெட் அவரை விடவில்லை.

"வாக்கியத்தை விற்று ஆளை வாங்கினீர்கள்."

"வாக்கியம் எப்படியும் போயிருக்கும்" என்றார் அவர். முகத்தில் மூன்று நாள் தூக்கமின்மை இருந்தது. "அதை வெறுங்கையோடு போகவிடவில்லை. அவ்வளவுதான்."

"அறுபத்தொன்று என்றால் அதற்கு முன்னால் அறுபது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். எனக்கும் அப்போதுதான் அந்த அறுபது உறைத்தது. கிராணியின் விரல் அந்தப் பட்டியலில் எத்தனை பெயரைத் தாண்டி இறங்கியது என்பதை நான் என் கண்ணால் கண்டவன். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், அன்று என் கால் தரையில் இல்லை. மார்கரெட் தன் அலுவலகத்திலிருந்து அக்காவுக்குத் தந்தி அடிக்க ஓடினாள். தந்தியால் முழுப் பயன் இல்லை என்று எனக்குத் தெரியும். முகாம் வாசலில் நிற்கிற காவலாளி, அப்படி ஒருவர் இல்லை என்று பழைய பாட்டைத்தான் பாடுவான். மந்திரி சொன்னது அச்சில் இருந்தால் அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டலாம். கப்பல் போனாலும் சரி, அந்தப் பிரதி கைக்கு வரும்வரை நிற்பதென்று முடிவுசெய்தேன்.

வாசலில் அந்தக் கிராணி கோப்புப் பெட்டிகளைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு பெட்டியைப் பிடித்தேன்.

"ஐயா, உங்களுக்கு ஒண்டும் வராதோ?"

"ஏன் குடுத்தனீர் எண்டு கேட்டினம். கேட்டாக் குடுக்கத்தானே வேணும், அதுதானே ஒழுங்கு எண்டு சொன்னன்" என்றார். "பென்சனுக்கு ரண்டு வருசம் கிடக்கு. அதுவரைக்கும் யன்னல் இல்லாத மேசையாத் தருவினம்."

"எண்ணையும் எழுதவேணுமெண்டு ஒழுங்கோ?"

அவர் பெட்டியைச் சரிசெய்தார். "மரியதாஸின்ர பேப்பர் எங்கட வீட்டுக்கும் வந்ததுதான், தம்பி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் விடிந்தபோது என் கப்பல் கயிறு அவிழ்த்திருக்கும். நான் சிட்னி மத்திய ரயில் நிலையத்து வாசலில், ஒரு பத்திரிகைக் கடைக்கு முன்னால் நின்றேன். மார்கரெட்டின் மாலைப் பத்திரிகைக்கு இன்னும் நேரம் இருந்தது. காலைப் பத்திரிகைகளிலும் செய்தி வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். கடைக்காரன் சார்லி, மால்டாக்காரன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு லொறியிலிருந்து விழுந்த கட்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தான். கட்டை அவிழ்க்காமல் பத்திரிகை கிடைக்காது. அவன் குனியமுடியாமல் நின்றான். நானே குனிந்து தூக்கி மேசையில் வைத்தேன்.

"முதுகு எப்படி?" என்றான்.

"கப்பல் முதுகு."

"வேலை வேண்டுமா?"

"இப்போதேயா?"

"இல்லை, கிறிஸ்துமஸுக்கு. இந்தா கத்தி."

கயிற்றை அறுத்தேன். மை இன்னும் கையில் ஒட்டியது. ஒன்பதாம் பக்கத்தின் அடியில், ஒரு சவர்க்கார விளம்பரத்துக்கு மேல், நான்கு வரி. மரியதாஸின் பெயர், தீவு முகாம், நலம், மாதம் ஒரு தடவை. எல்லாம் இருந்தன. அக்காவிடம் சேர்ப்பிக்க ஒரு பிரதியை மடித்து, சீட்டோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்தேன். "அதற்குச் சம்பளத்தில் பிடிப்பேன்" என்றான் சார்லி. பிடி என்றேன்.

முதல் ரயில் வந்து நின்றது. கோட்டும் தொப்பியுமாகச் சனம் படியேறி வந்தது. சார்லி சொல்லித்தந்தபடி நான் பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூவத் தொடங்கினேன்.